மிதவைக்கு அந்தப் பக்கம்

கிலிஃபிக்குத் தெற்கே, பவளத்திட்டின் மேல்
நான்கு மஞ்சள் மிதவைகள்.
அவற்றுக்குள் வலை கூடாது, கூடை கூடாது,
குழந்தை போடும் தூண்டில்கூடக் கூடாது என்று
ஊர் முடிவெடுத்த வெள்ளிக்கிழமை
நான் கை தூக்கவில்லை.
வாணலியில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது.

"காலி வீட்டுக்கு எதற்குப் பூட்டு?" என்றான் கோம்போ.
உண்மைதான்.
அங்கே கிடந்ததெல்லாம் முள்ளெலி,
பவளத்தைக் கொறித்துக் கொறித்து
மொட்டையடித்த கறுப்பு முட்கள்.

இரண்டு வருஷம் ஒன்றும் நடக்கவில்லை.
கோம்போ செங்கல் சூளைக்குப் போனான்.
நான் மரவள்ளி வறுத்தேன்.

பிறகு ஓரா வந்தது, பாசி மேய.
வெகு நாள் கழித்துக் கிளாத்தி.
முள்ளெலியின் மேல் நீரை ஊதிப் புரட்டிவிட்டு
முள் குறைந்த அடிவயிற்றைக் கடிக்குமாம்.
தண்ணீருக்குள் பென்சிலோடு இறங்கி
மீன் எண்ணும் வைரிமு சொன்னாள்.
இன்னொன்றும் சொன்னாள்:
ஒரு கிழட்டுக் களவா ஒரே நிலவுக்கு இடும் முட்டையை
பத்து இளசுகள் சேர்ந்தாலும் இடாதாம்.
பொரிக்கும் பெண்கள் நாங்கள்
ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம்.

மீனுக்குக் கோடு தெரியாது.
கோம்போவுக்குத் தெரியும்.
மிதவையிலிருந்து ஒரு துடுப்பு தள்ளி
கூடையை இறக்குகிறான்.
அவனுக்குப் பின்னால் பதினொரு படகு,
வேலிக்கு வெளியே கிளை நீட்டிய மாமரத்தடியில்
பிள்ளைகள் நிற்பதுபோல.

இப்போது முழ நீள விளமீன்.
தூக்கிப் பிடித்துப் படம் எடுக்கிறார்கள்.
பக்கரி மோட்டார் சைக்கிளில் ஐஸ் பெட்டியோடு வருகிறான்,
எடை போடுகிறான், ஓட்டலுக்குப் போகிறான்.
என் வாணலியின் குறுக்களவு ஒரு சாண்.

சாண் நீளத்தைத்தானே இத்தனை காலம் பொரித்தேன்.
ஒருமுறைகூட முட்டையிடாதவை.
உப்பும் மிளகாயும் தடவி,
மூன்று ஐந்து ஷில்லிங்.
அதை நினைத்தால் இரவில் ஒரு மாதிரி இருக்கிறது.
விடிந்தால் அடுப்பு மூட்ட வேண்டியிருக்கிறது.

இந்த வெள்ளிக்கிழமை மறுபடி கூட்டம்.
மிதவைகளை இன்னும் நூறு பாகம்
தள்ளிப் போடலாமா என்று.
எண்ணெயை இறக்கி வைத்துவிட்டுப் போகிறேன்.
கை தூக்குவேன்.
அதற்கு முன்னால் ஒன்று கேட்க வேண்டும்:

பக்கரியின் பெட்டியைச் சுற்றி
எப்போது மிதவை போடுவீர்கள்?