காலி எடை

பெனாசிர் வந்தது சனிக்கிழமை,
கரண்ட் போயிருந்த பதினொரு மணிக்கு.
கையில் ஆறு பக்கம், மூலையில் துருப்பிடித்த பின்.
"மனசுல தோணுறத சொல்லுங்கக்கா.
பூஜ்யம்னா ஒருபோதும் இல்ல,
நாலுன்னா எப்பவும்."

எண்கள் எனக்குப் புதிதில்லை.
எர்ணாவூர் தாண்டி எடை மேடையில்
ஒன்பது வருஷமாக ராத்திரி பில் போடுகிறேன்.
காலி வண்டிக்கு ஒரு எடை,
சரக்கு ஏற்றியபின் ஒரு எடை,
கழித்தால் வருவதுதான் பாரம்.
டிரைவர் இறங்கினானா,
கிளீனர் பின்னால் படுத்திருக்கிறானா,
எல்லாம் பார்க்க வேண்டும்.

முதல் கேள்வி:
கடந்த ஒரு மாதத்தில் எத்தனை முறை
உங்களுக்கென்று நேரமே இல்லை என்று தோன்றியது?

என் காலி எடையை
யாரும் எழுதி வைக்கவில்லையே அம்மா,
எதிலிருந்து எதைக் கழிக்க?
இதைச் சொல்லவில்லை.
"ரெண்டு" என்றேன்.

ரூபனுக்குப் பதிமூன்று.
பேச்சு வரவில்லை.
பகலெல்லாம் ஃபிரிட்ஜில் காது வைத்துக் கேட்பான்,
கரண்ட் போனால் அதன் கதவைத் தடவிக்கொடுப்பான்.
இன்று தடவிக்கொண்டிருந்தான்.
மணலி ரோட்டில் போவது
பதினாலு சக்கரமா இருபத்திரண்டா என்று
பாயில் படுத்தபடியே தெரியும் அவனுக்கு.
இருபத்திரண்டு என்றால் மட்டும் எழுந்து உட்காருவான்.
காற்றில் ஏதோ வாடை ஏறும் நாட்களில்
தன் கையைக் கடிப்பான்.
நான் என் கையைக் கொடுப்பேன்.

முழங்கைத் தழும்பை பெனாசிர் பார்த்தாள்.
பக்கத்தைத் திருப்பினாள்.

கணவரோடு மனம்விட்டுப் பேச முடிகிறதா?
அவருக்கு ஹார்பரில் லாஷிங் வேலை.
காலை ஆறரைக்கு நான் வர அவர் போக,
ராத்திரி எட்டுக்கு அவர் வர நான் போக,
வாசலில் சாவி கைமாறும்.
சில நாள் சாவி சூடாக இருக்கும்.
இதற்கு எந்தக் கட்டத்தில் டிக் போடுவது?

பதினேழாவது:
பிள்ளையை நினைத்து வெட்கப்பட்டதுண்டா?
"பூஜ்யம்."

உள்ளே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த ஜெமிமா,
வயசு ஒன்பது, எட்டிப்பார்த்தாள்.
"பொய்யி. சித்தி கல்யாணத்துக்கு
அவன இட்னே போவல.
நாலு போடுக்கா."

பென்சில் அந்தரத்தில் நின்றது.
"போடி உள்ள" என்றேன். போகவில்லை.
"ஒண்ணு" என்றேன்.
"மூணு" என்றாள்.
காசிமேட்டு ஏலம் மாதிரி
ரெண்டில் முடிந்தது.

பெனாசிர் கூட்டினாள். அறுபத்தொன்று.
"இது ஜாஸ்தியா?"
"அம்பது தாண்டினா கவுன்சலிங் அனுப்பணும்க்கா."
"எங்க?"
"கீழ்ப்பாக்கம். புதன் காலைல பத்து மணி."
"அதுவரைக்கும் இவன யாரு பாத்துப்பா?"
அவள் தாளைப் புரட்டினாள்.
முன்னும் பின்னும் புரட்டினாள்.
அந்தக் கேள்வி அதில் இல்லை.
"எங்க வீட்லயும் ஒரு தம்பி" என்றாள் எழுந்திருக்கும்போது,
வேறு எதுவும் சொல்லவில்லை.

ஞாயிறு இவருக்கு டபுள் ஷிஃப்ட்.
ஜெமிமாவைப் பக்கத்து வீட்டில் விட்டு
ரூபனைக் கூட்டிப்போனேன்.

மூன்று மணிக்கு ரோடு காலி.
இறங்கிப்போய் மேடையில் நின்றான்.
நானும் போய் நின்றேன்.
பத்துப் பத்தாகத்தான் எண்ணும் அந்த மேடை.
கோழி ஒன்று ஏறினால்
அதற்குப் பூஜ்யம்தான்.

சிவப்பு எழுத்தில் 110.

அவன் எப்போதும் போல ஆடினான், முன்னும் பின்னும்.
120. 110. 100.
நிறுத்தினான். எண்ணைப் பார்த்தான்.
மறுபடி ஆடினான்.
தன்னால்தான் அது ஆடுகிறது என்று
கண்டுபிடித்துவிட்டான்.

சிரித்தான்.
தொண்டைக்குள்ளிருந்து, எஞ்சின் கிளம்புவதுபோல.

நானும் ஆடினேன்,
அறுபது கிலோ, நைட்டிமேல் துண்டு, காலில் செருப்பில்லை.
எண் நிற்கவே இல்லை.
எண் நிற்காமல் ரசீது வராது.

பின்னால் ஒரு டிரெய்லர் ஹாரன் அடித்தது.
இருபத்திரண்டு சக்கரம்.
இருப்பா, என்றேன்.