பிற

வாலிநோக்கம், கடைசித் தெரு, கடைசி வீடு.
கூட்டாட்சியின் படிவத்தில் பதினோரு மொழிகள்.
பன்னிரண்டாவது கட்டம்: பிற.

ஜினைதா மத்வேயெவ்னா
காரப்பொடிக் கருவாட்டைப் புரட்டியபடியே பதில் சொன்னாள்,
என்னைவிடச் சுத்தமான தமிழில்.
பூனையை மட்டும் ருஷ்யத்தில் வைதாள்.

"கப்பல் உடைக்க வந்த கூட்டம்தானே நீங்கள்?"
"இல்லை சார். தப்பி வந்த கப்பல்.
உடைத்தது பிறகு, பசித்தபோது."

ஐந்நூறு பேர் தேறினால்
அவர்கள் மொழிக்கு ஒரு வாத்தியார்; சட்டம்.
என் கையில் நானூற்றுத் தொண்ணூற்றேழு.

"வீட்டில் எத்தனை பேர்?"
"மூன்று."
கொடியில் இரண்டு பேர் துணி.
"அர்காதி?"
"கடலில்."
"எப்போது போனார்?"
"வாடைக்கு முன்னால்."

இப்போது கச்சான் அடிக்கிறது.
படிவம் பறக்காமல் இருக்க
அவளே ஒரு சங்கை எடுத்து வைத்தாள்.

அடுத்த கேள்வியை அச்சில் உள்ளபடியே வாசித்தேன்:
தாய்மொழியில் எழுதத் தெரியுமா, பேச மட்டுமா?

"எழுத வராது," என்றாள்.
"பேசுவார்."

இனிமேலா, முன்பெல்லாமா?
தமிழில் இரண்டுக்கும் அதே சொல்.
நான் கேட்கவில்லை.
மூன்று என்று எழுதி
மை காயும்வரை ஊதினேன்.