சர்க்கரை: ஒன்று

காலை ஐந்தரை. பூஜ்யத்துக்குக் கீழே பதினொன்று.
வில்யாண்டியில் ஏரி
யாரிடமும் சொல்லாமல் ராத்திரியே இறுகிவிட்டது.
ஆணி பதித்த டயர்கள்
பொரி மெல்லும் சத்தத்தில் போகின்றன.
விளக்கு வெளிச்சத்தில் எனக்கு முன்னால்
என் மூச்சு.

இரவெல்லாம் பேக்கரியில்
இலவங்கப்பட்டை ரொட்டிகளைப் பெட்டியில் அடுக்கிவிட்டு
அப்படியே வந்தவள் நான்.
கையுறைக்குள் இன்னும் அந்த வாசனை.
முப்பத்து நாலு நாளாக ஒன்றையும் கடிக்கவில்லை.
நசுங்கியவற்றை ஒதுக்கும் தட்டிலிருந்துகூட.
"உனக்கு வந்திருப்பது நோயா, பக்தியா?" என்றாள் மெரிகே,
விரலில் ஒட்டிய பாகை நக்கிக்கொண்டே.

டாக்டர் சொல்லவில்லை. நானேதான்.
போன மே மாதம், பெரிய ஏரியைச் சுற்றும் பந்தயத்தில்
அரைமணிக்கொரு ஜெல் பிதுக்கி
நூறாவது கிலோமீட்டரில் வேலியோரம் குனிந்து
எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தேன்.
அன்றைக்குத் தோன்றியது:
இடுப்பைச் சுற்றி இவ்வளவு பெரிய கிடங்கை வைத்துக்கொண்டு
சில்லறைக்கு ஏன் கையேந்துகிறேன்?

முதல் வாரம் தலைவலி.
இரண்டாம் வாரம் கணவன் மேல் கோபம்;
அவன் தேநீரைக் கலக்கும் கரண்டிச் சத்தத்தின் மேல் கோபம்.
மூன்றாம் வாரம், ஒரு புதன்கிழமை,
வேகவைத்த கேரட் இனித்தது.
நிஜமாகவே இனித்தது.
சமையலறையில் நின்றபடி
இன்னொன்றை எடுத்து மோந்து பார்த்தேன்,
யாராவது ஏமாற்றுகிறார்களோ என்று.

ஆகவே இன்று கொஞ்சம் திமிர்.
இரண்டு முட்டை, மத்தி மீன், வெண்ணெய்,
அதோடு எழுபது கிலோமீட்டர்.
சூரே-யானி வரை கால்கள் எண்ணெய் போட்ட மாதிரி.
அங்கே திரும்பினேன். எதிர்க்காற்று.

நாற்பத்தெட்டாவது கிலோமீட்டரில்
பசி வரவில்லை.
வந்திருந்தால் தெரிந்திருக்கும்.
முதலில் விரல்கள் வேறு யாருடையவோ ஆயின.
பிறகு பிர்ச் மரங்கள் இரண்டிரண்டாக.
பிறகு காரணமில்லாமல் அழுகை,
இமையிலேயே உறைகிற அழுகை.
பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள்.
எனக்குப் பதினொன்றாவதும் பறந்தது:
வீட்டுக்கு எந்தப் பக்கம் என்கிற ஞாபகம்.

பஸ் நிறுத்தத்தின் தகரக் கூரைக்கடியில்
சைக்கிளைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருந்தேன்.
மஞ்சள் விளக்குச் சுழல
பனி தள்ளும் வண்டி வந்து நின்றது.
ஓட்டுநர் ரைவோ என்று சட்டையில் தைத்திருந்தது.
ஒன்றும் கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தான்.
டேஷ்போர்டிலிருந்து ஒரு தயிர்க்கட்டி மிட்டாய்,
சாக்லேட் பூசியது, பாதி உறைந்தது, நீட்டினான்.

"நான் சர்க்கரை சாப்பிடுவதில்லை" என்றேன்.
பல் தந்தியடித்ததில்
அது என்ன மொழியில் விழுந்ததோ தெரியவில்லை.
"சரி" என்றான் அவன். "இதைச் சாப்பிட்டுவிட்டுச் சாப்பிடாதே."

கடித்தேன்.

முப்பத்து நாலு நாளும் ஒரே நொடியில்
நாக்கின் மேல் லாரியாக ஏறியது.
இவ்வளவு இனிப்பா?
இதையா தினமும் இரண்டு தின்றேன்?
தொண்டையை அடைத்தது, குமட்டியது,
ஆனாலும் உறையில் ஒட்டியிருந்த துணுக்குவரை தின்றேன்.
நான்கு நிமிடத்தில் மரங்கள் ஒன்றாயின.
விரல்கள் திரும்பி வந்து
வலி, வலி என்றன.

வண்டியில் ஏறு என்றான். ஏறவில்லை.
திமிர் முழுதாகப் போய்விடவில்லை போலும்.
அவன் மெதுவாக முன்னால் போனான்,
சாலையைச் சுரண்டிக்கொண்டு,
ஊர் எல்லைவரை, எனக்காகவா
அவன் வேலைக்காகவா, கேட்கவில்லை.
சுத்தமான கறுப்புத் தாரில்
பின்னாலேயே மிதித்தேன்.

நோட்டில் எழுதினேன்:
ஜனவரி பத்தொன்பது. எழுபத்தொரு கிலோமீட்டர்.
சர்க்கரை: ஒன்று.

பேனாவை மூடினேன். திறந்தேன்.
ஒன்று என்பதை அடிக்கப் போய், அடிக்காமல்
பக்கத்தில் சேர்த்தேன்:
நாளை முதல் சட்டைப்பையில் ஒன்று.
தின்ன அல்ல.

மறுபடி யோசித்து
"அல்ல"வை மட்டும் அடித்தேன்.