ஆறு மணி நேரக் குடியரசு

ஹேலான் என்று பெயர் வைத்தோம்.
ஃப்ரீசிய மொழியில் பாதி நாடு.
மறுபாதி தண்ணீருக்கு அடியில்,
அதற்கு நாங்கள் உரிமை கோரவில்லை.

ஹார்லிங்கன் துறையிலிருந்து
டியாலிங்கின் படகில் இரண்டு மணி நேரம்.
வற்றத்தில் முதுகு காட்டும் மணல்திட்டு,
ஓதம் ஏறினால் இருந்த சுவடே இராது.
முதல் கூட்டத்துக்கு நால்வர் இறங்கினோம்.
மடக்கு மேசை ஒன்று, நாற்காலி ஐந்து,
ஃபிளாஸ்க் நிறையக் காப்பி.
நான் ஹிஸ்கே, செயலாளர்,
அணை வாரியத்தில் நீர்மட்டம் குறிப்பவள்.
ஈரத்தாளில் எழுதிப் பழகியவள் நான்தானாம்.

மண் தெரியும் வரை அரசு உண்டு.
முதல் விதி.
அதற்குப் பிறகு ஒரு மணி நேரம்
யாருக்கும் எதுவும் தோன்றவில்லை.

எல்லை இல்லாமல் என்ன நாடு என்றான் வோப்பே.
நான்கு மூலையிலும் கழி நட்டோம்.
மறுமாதம் போனால் ஒரு கழி
நாட்டுக்கு வெளியே முழங்கால் நீரில் நிற்கிறது.
கழி நகரவில்லை, நாடு நகர்ந்திருந்தது.
ஆகவே பட்டா இல்லை, சிட்டா இல்லை.
மணல் போகுமிடம் தேசம்.
அளக்க வருபவர் செருப்பைக் கழற்றவும்.

சிறையும் கேட்டான் அவனே.
கேர்ட்ஷே முப்பது வருடம்
நீதிமன்றத்தில் கோப்பு தைத்தவள்.
எந்தத் தண்டனையும்
ஆறு மணி நேரத்தைத் தாண்டலாகாது, எழுதிக்கொள் என்றாள்.
தாண்டினால்
அதற்கு வேறு பெயர்.

அமைச்சருக்கு நீச்சல் தெரிய வேண்டும்
என்ற விதி வந்தபோது
நிதியமைச்சர் வோப்பே
பிஸ்கட் டின்னைத் திறந்து
கருவூலத்தை எண்ணத் தொடங்கினான்.
நாற்பத்தொரு யூரோ.
மறுபடி எண்ணினான்.
இப்போது வியாழன்தோறும் நகராட்சிக் குளத்தில்
ஆறு வயதுப் பிள்ளைகளோடு,
இரு கையிலும் ஆரஞ்சு மிதவை.

சண்டை வந்தது ஐந்தாவது நாற்காலிக்கு.
டியாலிங்: படகு என்னுடையது.
வோப்பே: பணம் என்னிடம்.
கேர்ட்ஷே ஒன்றும் சொல்லவில்லை,
நாற்காலியை மட்டும் துடைத்து வைத்தாள்.
எனக்கும் ஆசை இல்லாமலா?
கடைசியில் இப்படி எழுதினோம்:
இந்த மண்ணில் பிறந்தவரே தலைவர்.
யாரும் பிறக்கப்போவதில்லை,
அதனால் ஒருமனதாக நிறைவேறியது.

ஜூன் பதினேழு, வற்றம் காலை பத்து நாற்பது.
படகை டியாலிங் திடீரென நிறுத்தினான்.
திட்டின் வடக்கு ஓரத்தில் ஒரு கடல்நாய்,
அதன் பக்கத்தில்
சவ்வு இன்னும் உலராத ஒரு குட்டி.

யாரும் சிரிக்கவில்லை.
வோப்பே தொப்பியைக் கழற்றினான்.
விதிப் புத்தகத்தைக் கேர்ட்ஷே கேட்டாள்,
படித்தாள், மூடினாள்.
மனிதர் என்று எங்கும் எழுதவில்லை
என்றாள் தாழ்ந்த குரலில்.

அன்று யாரும் நாட்டில் கால் வைக்கவில்லை.
நங்கூரமிட்டுத் தொலைவிலேயே இருந்தோம்.
முதல் அரசாணை மௌனம்,
தலைவர் பிறப்பிக்காமலே அமலுக்கு வந்தது.
ஒருமுறை குரல் எழுந்தது, மெல்லியதாக, நீளமாக.
தலைவர் உரை என்று குறித்தேன்.
காப்பி ஆறிப்போனது, யாரும் ஊற்றவில்லை.

தண்ணீர் தெற்கிலிருந்து ஏறியது.
தாய் நழுவி இறங்கிற்று.
விளிம்பில் கொஞ்சம் தயங்கி,
மிதவை ஏதும் இல்லாமல்,
பிறந்து ஐந்து மணி நேரம்கூட ஆகாமல்
பின்னாலேயே நீந்திப் போனது அது.
வோப்பே பார்த்துக்கொண்டே இருந்தான்.

என் பதிவேட்டில்:
மதியம் ஒன்று ஐம்பத்திரண்டு. மண் தெரியவில்லை.
அரசு இல்லை.
தலைவர் பதவி விலகவில்லை.

அந்த வியாழன்
மிதவைகளைக் கரையில் வைத்துவிட்டு இறங்கினானாம் வோப்பே.
மூழ்கினான். பயிற்சியாளர் பெண்
கழியை நீட்டி இழுத்திருக்கிறாள்.
அவனை நீக்கலாமா என்று வாக்கெடுத்தோம்.
இரண்டுக்கு இரண்டு.
தலைவர் வாக்கு
இன்னும் வந்து சேரவில்லை.