வரி

மீனம்பாக்கம் சரக்கு முனையம், ஏழாம் எண் மேசை.
மே மாதம். ஏ.சி. ஒரு பக்கத்துக்கு மட்டும் ஊதுகிறது.
ரோமிலிருந்து ஓர் அட்டைக் குழல்.
உள்ளே பழைய தாள், எண்ணிக்கை ஒன்று,
விலைமதிப்பு இல்லை
என்று எழுதியிருந்தது.
விலை இல்லாததை யாரும்
இவ்வளவு கொடுத்து விமானத்தில் ஏற்றுவதில்லை.
திறக்கச் சொன்னேன்.

விரிக்க மேசை போதவில்லை.
கஜேந்திரன் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு
"ரெண்டு ஷீட்டா மேடம்?" என்றார்.
"அங்கேயும் ஷீட் கணக்குதான், ரெண்டேதான்" என்று மகிழ்ந்தார்
பொருளுக்குச் சொந்தக்காரர்,
கீழ்ப்பாக்கம் பல் மருத்துவர் எபினேசர் தங்கையா.

எட்டாய் மடித்த தழும்புகளுக்குள்ளிருந்து
ஒருத்தி என்னைப் பார்த்தாள்.
கழுத்தில் பச்சை நிழல்.
கழுத்துக்கு யாராவது பச்சை வைப்பார்களா?
வைத்திருக்கிறான். வைத்த பிறகு
அது கழுத்தாகத்தான் இருக்கிறது.
பின்னால் ஒரு ரயில் எரிகிறது.
நெருப்பு மொத்தம் நாலு இழுப்பு, பட்டைத் தூரிகை.
ஐந்தாவதுக்கு நேரமில்லை போலும்,
அச்சகத்து ஆள் வாசலில் நின்றிருப்பான்.

"வரைந்தவர் படத்தைப் பார்த்திருக்க மாட்டார், மேடம்.
நாலு ஸ்டில் கொடுப்பார்கள், ஒரு வாரம் கெடு.
இதில் ரயிலே கிடையாது என்று கேள்வி."
கேள்வியா? நீங்கள் பார்க்கவில்லையா?
"எனக்கு இத்தாலி பாஷை தெரியாதே."
பிறகு எதற்கு?
"பேஷண்டுகள் வாயைத் திறந்துகொண்டு
என் கூரையையே பார்க்கிறார்கள்.
வெறும் வெள்ளை. ஒரு மின்விசிறி."

ஓவியமா, அச்சா, விளம்பரமா?
ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், எண்ணுக்கு ஒரு வரி.
கோடும் வரிதான், எழுதுகிற அடியும் வரிதான்,
புலி முதுகில் இருப்பதும்.
நாங்கள் வசூலிப்பது மட்டும்
யாருக்கும் அழகாகத் தெரிவதில்லை.

தயாரித்தவர் பெயர் என்றது கணினி.
கையொப்பத்தில் 'மொரா' வரைக்கும் படித்தேன்.
மிச்சத்தை மடிப்பு தின்றுவிட்டது.
மூன்று புள்ளி வைத்தேன்; புள்ளி செல்லாது என்றது.

அதற்குப் பக்கத்தில்தான் கண்டேன்,
தபால்தலையைவிடச் சிறிய ஒரு வில்லை,
மேலே அரை வட்ட முத்திரை.
சுவரில் ஒட்டுவதற்கு அந்த ஊர் வாங்கிய வரி.
ஒட்டிய கை நிதானமானது.
ஒரு நாளைக்கு முந்நூறு ஒட்டியிருக்கும், ஆனாலும்
முகத்தில் இல்லை, தோளில் இல்லை,
பெயரின் மேலும் இல்லை,
பெயருக்கு ஒரு நகம் தள்ளி.
பெயரில்லாத என் சகா!
நீயாவது அந்தப் படத்தைப் பார்த்தாயா?
இலவசமாகப் பார்த்திருந்தால் சொல்லாதே.

நான் முத்திரையை எடுத்தேன். மருத்துவர் கண்ணை மூடிக்கொண்டார்.
தாளைத் திருப்பினேன்.
பின்பக்கம் பழுப்பு, கழுத்து இருக்கும் இடத்தில்
மை கசிந்து லேசாய் ஈரம் மாதிரி.
மூலைக்கு வந்து, ஒரு நகம் தள்ளிக்
குத்தினேன்.

ஆகஸ்டில் எனக்குக் கடைவாய்ப் பல்.
ஊரில் வேறு மருத்துவரே இல்லையா என்றார் கணவர்.
நாற்காலி பின்னால் சாய்ந்தது.
கண்ணாடிக்கு உள்ளே அவள்,
என் முத்திரை கூரைப் பக்கம், யாருக்கும் தெரியாமல்.
படுத்துப் பார்க்கையில்
ரயில் என்னை நோக்கித்தான் வருகிறது.
மேசையில் பார்த்தபோது அது போய்க்கொண்டிருந்தது.

வலித்தால் கையைத் தூக்குங்கள் என்றார்.
தூக்கினேன்.
இயந்திரத்தை நிறுத்தினார்.
வலியில்லை, டாக்டர்,
என்று சொல்ல வாய் இல்லை.
ஐந்தாவது இழுப்பு
எங்கே வரவேண்டும் என்று
விரலால் காட்டினேன்.