புள்ளிக்குப் பின்னால்

கல்லூரிக்கும் கம்பெனிக்கும் ஒப்பந்தம் என்று
முதல்வர் அறையில் படம் எடுத்தார்கள்.
ஒரே ஃபைலின் இரண்டு நுனியை
முதல்வரும் அருளானந்தும் பிடித்திருந்தார்கள்,
மொய்க்கவர் கைமாறுகிற மாதிரி.
பின்வரிசையில் பாதித் தலையோடு நான்.

கம்பெனி என்றால்
காரைக்குடி கல்லுக்கட்டியில் சைக்கிள் கடைக்கு மேலே ஓர் அறை.
மூன்று நாற்காலி, நாலு பேர்.
கடைசியாக வருகிறவர் யுபிஎஸ் மேல் உட்கார வேண்டும்.
கோட்டையூர் டவுன் பஸ்ஸை நம்பிய நான்
முதல் வாரம் முழுக்க
மின்சாரத்தின் மேலேயே உட்கார்ந்திருந்தேன்.

வகுப்பில் பாதிப்பேர்
காசு கட்டி ஆன்லைனில் இன்டர்ன்ஷிப்பை முடித்தாயிற்று.
ஷிபானா மட்டும் சென்னை போனாள்.
லிஃப்ட் கண்ணாடியில் நின்று படம் அனுப்பினாள்.
பதிலுக்கு நான்
புதுவயல் ரைஸ்மில்லில்
தவிடு படிந்த கீபோர்டை அனுப்பினேன்.
"இது என்னடி, ரவாலட்டா?"

மில்களுக்கு எடைச்சீட்டு மென்பொருள், அதுதான் எங்கள் சரக்கு.
மூட்டை தராசில் ஏறும், எண் திரையில் விழும்,
பிரின்டர் சீட்டை நாக்காக நீட்டும்.
அதில் தமிழ் உடையாமல் பார்ப்பது என் வேலை.
நெல்லின் கொம்பு ஓரிடம், நகரம் ஓரிடம் என
அறுப்புக்கு முன்பே சாய்ந்த வயலாக வந்துகொண்டிருந்தது அச்சு.
பத்து நாளில் நிமிர்த்தினேன்.
யாரும் கவனிக்கவில்லை.
சரியாக இருப்பதை யார் கவனிப்பார்கள்.

மூன்றாம் வாரம் மில்லில் நின்றபோது
மித்ராவயல் காத்தமுத்து
பீடிக்கட்டுக் காகிதத்தில் பென்சிலால் கூட்டிக்கொண்டிருந்தார்.
"பாப்பா, ஒங்க மிசினு நெல்லு திங்குது."
மிஷினுக்கு ஏது வாய் என்று சொல்ல வந்தேன்.
காகிதத்தைப் பார்த்தேன். சொல்லவில்லை.

அன்று ராத்திரி தேடினேன்.
இருநூற்றுப் பதினான்காம் வரியில் இருந்தது வாய்.
அறுபத்திரண்டு புள்ளி நான்கும் அறுபத்திரண்டு,
அறுபத்திரண்டு புள்ளி ஒன்பதும் அறுபத்திரண்டு.
நூற்றிப்பத்து மூட்டைக்குக் கூட்டினேன்:
நாற்பத்தேழு கிலோ முந்நூறு கிராம்.
ஒரு லோடுக்கு.

போன வருஷ இன்டர்ன் எழுதிய வரி.
ஓரத்தில் குறிப்பும் வைத்திருந்தான்:
பிறகு பார்க்கலாம்.

அருளானந்து நெடுநேரம் திரையையே பார்த்தார்.
மில்காரர் கேட்டு வைத்ததா, தெரியாமல் விழுந்ததா,
நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.
கீழே கடையில் யாரோ
ட்யூபைத் தண்ணீரில் அழுத்தி
குமிழி வரும் இடம் தேடிக்கொண்டிருந்தார்கள்.
"மாத்திரு" என்றார்.
"இன்னைக்கு வேணாம், திங்கக்கெழம" என்றார்.
படியிறங்கிப் போனவர்
பாதியில் திரும்பி வந்து, தலையை மட்டும் நீட்டி,
"இன்னைக்கே."

புதன்கிழமை ஒரு மில் கழன்றது.
பழைய வெர்ஷன்தான் கரெக்டா இருந்துச்சு என்று
போனில் ஒரு குரல் மரியாதையாகவே சொன்னது.
நாலில் ஒன்று போக மூன்று;
அந்தக் கழித்தலுக்கு எந்த மொழியிலும் பிழைதிருத்தம் கிடையாது.
என் மூவாயிரம் அந்த மாதம்
இரண்டு தவணையாக ஜிபேயில் வந்தது.
காத்தமுத்துவை அப்புறம் பார்க்கவில்லை.
பார்த்திருந்தாலும் என்ன,
அவர் நெல், அவர் எடை.

கடைசி நாள் சான்றிதழ்.
தமிழில்தான் அடிப்பேன் என்று அவருக்கு ஒரு பிடிவாதம்.
உமையாள் என்கிற நான்
அதில் "உமையால்" என்று இருந்தேன்.
அய்யோ, வேறு அடித்துத் தருகிறேன் என்று கை நீட்டினார்.
கொடுக்கவில்லை.

மூன்றாம் வேற்றுமை.
ஒரு மில் எதனால் போயிற்று என்று
யாராவது கேட்டால் காட்டலாம்.