ஒரு புள்ளி எப்படிச் சிதறும்

லேடீஸ் சீட்டுக்கு எங்களுக்கு முன்பே
பனி வந்து உட்கார்ந்திருந்தது.
நான் முக்காலியை விரித்தேன்.
சகாயராணி பரோட்டாப் பொட்டலத்தின் வெள்ளித்தாளை
முந்தானையில் துடைத்து
ஊக்கால் ஒரே ஒரு துளை குத்தினாள்.
பின்னால் செல்போன் டார்ச்.
முப்பதடி தள்ளி நின்று
"எடு" என்றாள். குருமா வாசம் காற்றில் வந்தது.

இந்தக் கேமராவின் தொண்டையில்
ஒரு கறுப்புத் தகடு இருக்கிறது.
நாங்களே வெட்டியது.
சில கட்டம் திறந்து, சில கட்டம் அடைத்து.
காசு கொடுத்து வாங்கிய லென்ஸைக்
கூலி கொடுத்துக் கெடுத்திருக்கிறீர்கள் என்று
ஆபீஸ் கணக்காளர் பில்லைத் திருப்பி அனுப்பினார்.
அவர் சொன்னது சரிதான்.

துளை ஒன்று.
சென்சாரில் விழுந்ததோ
கொட்டிப்போன கடுகு.
அதைப் பத்திரமாகச் சேமித்தேன்.
தூரத்துக்குத் தூரம் கடுகு விரியும், சுருங்கும்,
அதற்கும் வாய்ப்பாடு உண்டு.
ஒரு புள்ளி எப்படிச் சிதறும் என்று தெரிந்தால்
ஒரு ஊர் எப்படிச் சிதறியது என்று
பின்னாலிருந்து கணக்குப் போடலாம்.

பனி கொஞ்சம் விலகியது.
கேமராவைக் கீழே திருப்பினேன்.
திரையில் சேலம்
மழையில் நனைந்த கடன் நோட்டு.
அஞ்சு ரோட்டின் மேல் ஜங்ஷன் ஏறிக் கிடந்தது.
லேப்டாப் நாற்பது விநாடி மூச்சிரைத்தது.
பிறகு ஒவ்வொரு விளக்கும்
தன் தன் கம்பத்துக்குத் திரும்பி நடந்தது.
கொண்டலாம்பட்டிப் பாலம் முதுகை நிமிர்த்தியது.
மலையேறும் கடைசி பஸ் மட்டும்
அசைந்த குற்றத்துக்கு
வால் முளைத்து நின்றது.

அப்புறம் அது.
வெள்ளைக்கல் குழிப் பக்கம்,
ஒன்றுமே இருக்கக் கூடாத இருட்டில்
ஒரு விளக்கு.

"ஒளி பத்தாத இடத்துல
கணக்கு பசிச்சுத் தானே சமைச்சுக்கும்," என்றாள்.
ஒரு எண்ணைக் கூட்டினாள், விளக்கு அணைந்தது.
குறைத்தாள், எரிந்தது.
கூட்டினாள். குறைத்தாள்.
அவள் விரலில் யாரோ ஒருவர் வீட்டு சுவிட்சு.

விடிந்ததும் இருபது கொண்டை ஊசி இறங்கினோம்.
குழி வாசலில் காவலாளி பச்சியண்ணன்
பல் விளக்கிக்கொண்டிருந்தார்.
"பல்பா? இருந்துச்சே.
ராத்திரி பத்து மணிக்குப் பியூஸ் போயிருச்சு."

கோப்பில் இருந்த நேரம் பத்து ஏழு.
பேட்டரி மாற்றியபோது
கேமராவின் கடிகாரத்தைச் சரி செய்தேனா,
நினைவில்லை.
பச்சியண்ணனிடம் வாட்ச் கிடையாது.
பத்து மணி எப்படித் தெரியும் என்றால்
மலைக்குப் போகும் கடைசி பஸ்ஸைக் காட்டுகிறார்,
அதுவோ எந்த நாளும் நேரத்துக்கு வராது.

சகாயராணி பல்பைக் கழற்றி வாங்கிக்
காதோரம் குலுக்கிப் பார்த்தாள்.
உள்ளே அறுந்த இழை
கிணிகிணியென்றது.
"சூடு இருக்கா?" என்றேன், அசட்டுத்தனமாக.
அவள் பதில் சொல்லவில்லை.
இன்னொரு முறை குலுக்கினாள்.